பழைய லப்டொப், யமஹா கீபோட், ஒரு மைக்: எந்த மென்பொருளை எடுப்பது?

சித்திரைப் புதுவருடம் முடிந்த கையோடு மருமகன் களுவாஞ்சிகுடியிலிருந்து லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு மட்டக்களப்பு கல்லடிக்கு, என் வீட்டுக்கு வந்தான். எட்டு வருடப் பழசு. நாலு ஜிபி ரேமை எட்டாக்கியிருந்தான், மற்றதெல்லாம் வாங்கிய அன்று இருந்தபடிதான். கூடவே பழைய போர்வையால் சுற்றிய யமஹா பிஎஸ்ஆர் கீபோட் ஒன்று. ஊர் கண்ணகை அம்மன் கோயிலின் வைகாசிச் சடங்குக்கு ஆறு பாட்டுப் பதிந்து தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டானாம்.

"மாமா, எல்லாரும் எஃப்எல்லதானே செய்றாங்க. அதையே போட்டுத் தாங்களன்" என்றான்.

எஃப்எல் ஸ்டூடியோ என்ற, கணினியில் பாட்டுச் செய்கிற மென்பொருளைத்தான் சொன்னான். போட்டுக் கொடுத்திருந்தால் அரை மணித்தியாலத்தில் வேலை முடிந்திருக்கும். ஆனால் அவன் செய்யப்போகிற வேலைக்கு அது சரிவருமா என்று எனக்குச் சந்தேகம். ஆகவே இரண்டு மூன்று பின்னேரங்கள் உட்கார்ந்து, நாலைந்து மென்பொருள்களை அவன் லப்டொப்பிலேயே ஏற்றி, அதே கீபோட்டை வைத்து வாசித்துப் பார்த்தோம். புது மெஷினில் எல்லாமே நன்றாகத்தான் ஓடும். எங்கள் பக்கத்தில் பெரும்பாலானவர்களிடம் இருப்பது இவனிடம் இருப்பது போன்றதுதான் என்பதால் எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டியிருந்தது. "எதில மாமா நல்ல சவுண்ட் இருக்கு?" என்றுதான் அவன் கேட்டுக்கொண்டிருந்தான். கேள்வியே பாதி பிழை. கீபோட்டிலிருந்து யூஎஸ்பி வயர் வழியாகக் கணினிக்குப் போவது சத்தமே இல்லை. எந்தக் கட்டையை அமர்த்தினாய், எவ்வளவு வேகமாக அமர்த்தினாய், எப்போது விட்டாய் என்ற கணக்கு மட்டும்தான் போகிறது. அமர்த்திய வேகம் 1 முதல் 127 வரையான ஓர் எண். 1983இல் வந்த மிடி என்ற ஏற்பாடு அது. இன்றைக்கும் அடிப்படை மாறவில்லை. அந்தக் கணக்கை வாங்கிப் பியானோவாகவோ வயலினாகவோ ஒலிக்கச் செய்வது இன்னொரு சின்ன மென்பொருள். அதைத்தான் ப்ளகின், மெய்நிகர் வாத்தியம் என்கிறார்கள். ஸ்டைன்பேர்க் கம்பனி 1996இல் கொண்டுவந்த விஎஸ்டி முறையில் 1999 முதல் வாத்தியங்களும் வந்தன. அந்த முறையில் செய்த ஒரு பியானோவை, நாங்கள் ஏற்றிப் பார்த்த மென்பொருள்களில் ரீப்பரிலும் போடலாம், எஃப்எல்லிலும் போடலாம், கேக்வோக்கிலும் போடலாம். எங்கே போட்டாலும் அதே பியானோதான். எனவே மென்பொருளை அதனோடு வரும் சவுண்டுகளை வைத்துத் தெரிவு செய்வது, வீட்டை அதில் கிடக்கிற கதிரையைப் பார்த்து வாங்குவது மாதிரி.

கீபோட்டின் சத்தத்தை நேராகவே ஒரு வயரில் எடுத்துப் பதிந்தால் என்ன என்றும் கேட்டான். பதியலாம். ஓடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருள் அதற்குப் போதும், இலவசமும்கூட. அதில் மிடி பதிய முடியாது, ஓடியோ மட்டும்தான். ஒரே மூச்சில் பிழையில்லாமல் வாசிக்கிற கை இருந்தால் வேறொன்றும் தேவையில்லை. ஆனால் பாடப்போகிற பிள்ளைக்குச் சடங்குக்கு முதல் வாரம் தொண்டை கட்டிவிட்டால்? ஐந்து கட்டைச் சுருதியில் பதிந்ததை நாலு கட்டைக்கு இறக்க வேண்டும் என்றால், மிடியில் எல்லாவற்றையும் தெரிவு செய்து இரண்டு சுரத்தானம் கீழே தள்ளினால் முடிந்தது. ஓடியோவை அப்படி இறக்கினால் சத்தம் வீங்கிப்போகும். ஒரு விரல் தவறிய இடத்தையும் மிடியில் அந்த ஒரு சுரத்தை மட்டும் பிடித்துத் திருத்தலாம். இந்த இரண்டு காரணத்துக்காகவே நான் மிடிப் பக்கம்.

வயர் பற்றிப் பலர் கேட்பதால் ஒரு வரி. பிஎஸ்ஆர் கீபோட்டின் பின்பக்கத்தில் இருப்பது பிரிண்டரில் இருக்கிற அதே சதுர வாய். வீட்டில் பழைய பிரிண்டர் இருந்தால் அதன் வயரே போதும், கடையில் 'மிடி கேபிள்' என்று கேட்டு ஏமாற வேண்டாம். கீபோட்டின் செட்டிங்கில் 'லோக்கல்' என்பதை ஓஃப் செய்யுங்கள், இல்லாவிட்டால் கீபோட்டின் பியானோவும் கணினியின் பியானோவும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கேட்டுத் தலை சுற்றும்.

இனி உண்மையான பிரச்சினை. வயரைக் குத்தி, ஒரு பியானோவை ஏற்றி, மருமகன் விரலை வைத்தான். கட்டை அடியில் முட்டுகிற 'டக்' சத்தம் முதலில் கேட்டது. பியானோ அதற்குப் பிறகு, ஆறுதலாக வந்தது. அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இரண்டு வரி வாசிப்பதற்குள் தாளம் அவனையே விட்டுப் போய்விட்டது.

இந்தத் தாமதம்தான் பழைய லப்டொப்பில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கணினி சத்தத்தைத் துண்டு துண்டாகச் சேர்த்து அனுப்புகிறது. அந்தத் துண்டின் அளவுதான் பஃபர். செக்கனுக்கு 44,100 ஒலிப் புள்ளி என்ற வேகத்தில் பஃபர் 1024 புள்ளி என்றால் அதிலேயே 23 மில்லி செக்கன் போய்விடும். 256 என்றால் 6 மில்லி செக்கன்கூட இல்லை. இதற்கு மேல் விண்டோஸின் வழமையான ஒலிப் பாதை தன் பங்குக்கு இன்னும் சேர்க்கும், மொத்தம் 100ஐத் தொடுவது சாதாரணம். சத்தம் காற்றில் ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகிறது. 10 மில்லி செக்கன் என்றால் வாத்தியக்காரர் மூன்றரை மீட்டர் தள்ளி இருப்பது போல, அது பிரச்சினையில்லை. 100 என்றால் அவர் கோயில் வீதியின் அந்த மூலையில் நின்று அடிக்கிறார், நீங்கள் இந்த மூலையில் நின்று பாடுகிறீர்கள்.

மருந்து அசியோ என்ற ட்ரைவர் முறை. தனியாக ஓடியோ இன்டர்ஃபேஸ், அதாவது கணினிக்கு வெளியே வைக்கிற ஒலிப் பெட்டி, இருந்தால் அதனுடனேயே வரும். இல்லாதவர்களுக்கு அசியோ4ஆல் என்ற இலவச ட்ரைவர், லப்டொப்பின் சொந்த சவுண்ட் சிப்பையே அசியோ போல ஓட வைக்கும். அதைப் போட்டு 256க்கு இறக்கியதும் மருமகன் நிமிர்ந்து உட்கார்ந்தான். 128க்கு இறக்கியபோது 'கிர்ர்' என்று பொரிய ஆரம்பித்தது. அந்த மெஷினின் எல்லை அவ்வளவுதான். புளூடூத் ஹெட்போனை மட்டும் கிட்டவும் கொண்டுவராதீர்கள், அசியோ போட்டாலும் சரி வராது. 500 ரூபாய் வயர் ஹெட்போன் அதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

சரி, மென்பொருள்களுக்கு வருவோம்.

எஃப்எல் ஸ்டூடியோவை நான் குறைத்துச் சொல்லப்போவதில்லை. பெல்ஜியத்து இமேஜ்லைன் கம்பனி 1997இல் ஃப்ரூட்டிலூப்ஸ் என்ற பெயரில் கொண்டுவந்தது. சுரங்களை எழுதுகிற அதன் பியானோ ரோலுக்கு இணையாக நான் இன்னொன்றைக் கண்டதில்லை. ஒருமுறை வாங்கினால் வாழ்நாள் முழுக்கப் புதுப் பதிப்புகள் இலவசம். தன் சொந்த அசியோ ட்ரைவரோடு வருகிறது. சவுண்டுகளும் நிறைய. காத்தான்குடியிலும் அக்கரைப்பற்றிலும் ரப் பாட்டுச் செய்கிற பெடியன்கள் அதிலேயே கிடப்பதற்குக் காரணம் இருக்கிறது. நாலு மாத்திரைத் தாளம், திரும்பத் திரும்ப வருகிற ஒரு துண்டு, அதன்மேல் குரல் என்ற வேலைக்கு அதைவிட வேகமான பாதை இல்லை.

ஆனால் அது பிறந்ததே பதினாறு பெட்டித் தாளக் கட்டத்திலிருந்து. முதலில் ஒரு துண்டைச் செய், அப்புறம் துண்டுகளை அடுக்கு என்பதுதான் அதன் குணம். மருமகனின் ஆறு பாட்டில் இரண்டு கும்மி, அவை எதிலும் அடங்கும். ஒன்று கூத்து மெட்டு. ஒன்று காவியம் படிக்கிற தோரணையில், தாளமே இல்லாமல் தொடங்கி நடுவில்தான் தாளத்துக்குள் இறங்கும். அதைப் பாடுகிறவர் எந்த இடத்தில் மூச்செடுப்பார் என்று அவருக்கே தெரியாது. துண்டு போட்டு அடுக்குகிற முறையில் அதைச் செய்யப்போனால், பாட்டை மென்பொருளுக்கு ஏற்ப வெட்ட வேண்டி வரும். எஃப்எல்லில் நேர்கோடாகப் பதியவே முடியாது என்று சொல்லவில்லை. முடியும், ஆனால் ஒவ்வொரு முறையும் அதன் இயல்போடு மல்லுக்கட்ட வேண்டும்.

இன்னும் இரண்டு விசயம். சோதனைப் பதிப்பை எத்தனை நாளும் பாவிக்கலாம், ஆனால் சேமித்த வேலையைத் திரும்பத் திறக்க விடாது. இன்று தொடங்கினால் இன்றே முடிக்க வேண்டும். விலை குறைந்த ஃப்ரூட்டி பதிப்பில் மைக்கில் குரல் பதிகிற வசதி இல்லை. அதற்கு மேலே உள்ள ப்ரொடியூசர் பதிப்பு வேண்டும். மலிவானதைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிவிட்டுக் குரலை எங்கே பதிவது என்று தேடிய ஒருவரை எனக்குத் தெரியும். அந்த ஒருவர் நான்தான்.

கேக்வோக்குக்குக் கதை அதிகம். 1987இல் டொஸ் காலத்து மென்பொருளாகத் தொடங்கி, பல கை மாறி, 2017 கடைசியில் கிப்சன் கம்பனி கைகழுவியபோது செத்தே போனது என்றுதான் நினைத்தோம். அடுத்த வருடமே சிங்கப்பூரின் பேண்ட்லாப் வாங்கி இலவசமாகக் கொடுத்தது. இப்போது சோனார் என்ற பெயரில் வருகிறது, இலவசமாகப் பாவிக்கும் வழியும் வைத்திருக்கிறார்கள். முழுமையான ஸ்டூடியோ அது. குரல், மிடி, மிக்சிங் எல்லாம் உண்டு, ட்ராக் எண்ணிக்கைக்கு ஆய்க்கினை இல்லை. விண்டோஸில் காசில்லாமல் வேலை செய்ய வேண்டும், மெஷினும் கொஞ்சம் புதிது என்றால் முதலில் இதைத்தான் சொல்வேன். எங்கள் லப்டொப்பில் அது திறந்து முடிவதற்குள் மாமி தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்துவிட்டா. நாலு ட்ராக் போட்டதும் விசிறி இரையத் தொடங்கியது. கணக்குத் திறந்து இணையத்தில் உள்நுழையவும் வேண்டும். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் சிக்னல் ஒரு கோடு நிற்கிற வீட்டில் இருந்து வேலை செய்கிறவனுக்கு அது சின்ன விசயமில்லை.

எல்எம்எம்எஸ் முழு இலவசம், இலேசானது, எஃப்எல்லின் சாயல். பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் பழகக் கொடுக்கலாம். குரல் பதிய முடியாது என்ற ஒன்றே எங்களுக்கு அதை மூடி வைக்கப் போதுமானதாக இருந்தது.

மக் கணினி வைத்திருப்பவர்கள் இந்தக் கட்டுரையை வாசித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். கராஜ்பேண்ட் கையிலேயே இருக்கிறது, தாமதத் தொல்லையும் இல்லை. ஐபாட்டிலும் அப்படித்தான். அன்ட்ரொயிட் போனில் விரலால் தட்டிப் பாட்டுச் செய்யலாம், மெட்டு மறக்காமல் குறித்து வைக்க நல்லது. அதற்குமேல் அதில் நான் போகமாட்டேன். புதிதாக மிடி கீபோட் வாங்குகிறவர்கள் பெட்டிக்குள் இருக்கிற தாள் துண்டுகளை எறிந்துவிடாதீர்கள். ஏபிள்டன் லைவ் லைட்டுக்கான இலவசக் குறியீடு பலவற்றில் வரும். ட்ராக் எண்ணிக்கைக்கு எல்லை உண்டு, ஆறு பாட்டுக்கு அது தாராளம். மேடையில் நேரடியாகத் துண்டுகளை ஓடவிட்டு வாசிப்பவர்களுக்கு அதுதான் பொருத்தம்.

மிச்சம் இருப்பது ரீப்பர். இதைச் செய்தவர்களில் முதன்மையானவர் ஜஸ்டின் ஃப்ராங்கல். பெயர் தெரியாவிட்டாலும் அவர் முன்பு செய்த வின்அம்பில் நாங்கள் எல்லோரும் பாட்டுக் கேட்டிருக்கிறோம். இறக்குவதற்கு இருபது எம்பிகூட இல்லை. பென்ட்ரைவிலேயே போட்டு ஓட்டலாம், களுவாஞ்சிகுடியில் பாதி, கல்லடியில் பாதி என்று வேலை செய்கிறவனுக்கு அது வரப்பிரசாதம். அந்தப் பழைய லப்டொப்பில் மூன்று நாலு செக்கனில் திறந்தது.

திறந்ததும் மருமகன் சொன்னது: "என்ன மாமா, வெறும் சாம்பல் கலர்ல கிடக்கு?"

உண்மைதான். வடிவும் இல்லை, வாத்தியமும் இல்லை. கூட வருகிற ரீசின்த் என்ற சின்தசைசர் வீட்டு அழைப்பு மணி போல ஒலிக்கும். தெரியாதவர் திறந்து, ஒன்றும் கேட்கவில்லை என்று மூடிவிட்டுப் போய்விடுவார். பழகவும் கொஞ்சம் பொறுமை வேண்டும், பாதி வேலைகள் வலது க்ளிக்குக்குள் ஒளிந்திருக்கின்றன. ஆனால் வாசிப்பதற்கு வேண்டிய படி இவ்வளவுதான்: கன்ட்ரோலோடு டி அழுத்தினால் ஒரு ட்ராக் வரும், அதன் சிவப்புப் பொத்தானை அழுத்தி, உள்வரவில் மிடி கீபோட்டைத் தெரிவு செய்து, எஃப்எக்ஸ் பொத்தானில் ஒரு வாத்தியத்தை ஏற்றினால் கீபோட் பேசும். அடுத்த ட்ராக்கில் அதே மாதிரி மைக். மிடிக்கு ஒரு ட்ராக் வகை, ஓடியோவுக்கு ஒரு வகை என்ற பிரிவே அதில் இல்லை. தாளக் கோட்டை அணைத்துவிட்டால் பாடகர் இழுத்த இழுப்புக்கு அது ஓடிக்கொண்டே இருக்கும். பதிந்து முடித்த பிறகு, விரும்பினால், அந்தப் பாட்டின் நடைக்கு ஏற்பத் தாளக் கோடுகளை இழுத்துப் பொருத்தலாம். காவியப் பாட்டுக்கு எங்களுக்கு வேண்டியிருந்தது இதுதான்.

கனமான வாத்தியம் போட்ட ட்ராக்கை 'ஃப்ரீஸ்' செய்தால் அது வெறும் வேவ் கோப்பாக மாறி ரேமை விட்டு இறங்கிவிடும், பிறகு வேண்டுமானால் பழையபடி மிடியாக்கலாம். எட்டு ஜிபியில் வயலின் கூட்டம், பியானோ, தபேலா எல்லாம் ஒன்றாக வைத்திருந்தது அப்படித்தான். இரண்டாம் நாள் பின்னேரம் கரண்ட் போனது. லப்டொப் பற்றரி எப்போதோ செத்தது, எனவே அதுவும் அணைந்தது. திரும்ப வந்து பார்த்தால் பாடிய குரல் முழுக்க வேவ் கோப்பாக ஃபோல்டரில் கிடந்தது. போனது கடைசியாகச் சேமித்ததற்குப் பிறகு வாசித்த எட்டு வரி மிடி மட்டும்.

காசு பற்றி நேராகச் சொல்ல வேண்டும். ரீப்பர் இலவசம் இல்லை. 60 நாள் சோதித்துப் பார்க்கலாம், அதன் பிறகும் பூட்டாது, திறக்கும்போது ஒரு நினைவூட்டல் மட்டும் வரும். அந்த நாகரிகத்தைப் பலர் இலவசம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். தனியாளுக்கும் சின்ன வருமானக்காரருக்கும் 60 டொலர். ஒரு டொலர் 300 ரூபாய் என்று பார்த்தாலே 18,000 ரூபாய். அவனுக்கு அது பெரிய காசுதான். ஆனால் இப்போதைய ஏழாம் பதிப்புக்கு வாங்கினால் எட்டாம் பதிப்பு முடியும் வரை செல்லும். எஃப்எல் ப்ரொடியூசருக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு வேண்டும்.

"டவுன்ல க்ராக் போட்டுத் தருவாங்க மாமா" என்றான் அடுத்தபடியாக.

சில வருடங்களுக்கு முன் நானும் அப்படிப் பூட்டுடைத்த திருட்டுப் பிரதியைத்தான் ஒரு கடையில் போட்டேன். எந்த மென்பொருள் என்பது இங்கே தேவையில்லை, குற்றம் அதன் மீது இல்லை. ஒளிவிழாவுக்காக ஒரு மாதம் செய்த கரோல் பாட்டுகள் பதினொன்று. ஒரு காலையில் திறந்தால் எல்லாக் கோப்பின் பெயருக்குப் பின்னாலும் விளங்காத எழுத்துகள், திரையில் டொலர் கேட்டு ஒரு கடிதம். க்ராக்கோடு வந்த பூட்டு அது. பாடின பிள்ளைகளைத் திரும்பக் கூப்பிட்டு, மூன்று நாளில் கீபோட்டும் கைத்தட்டுமாக ஒப்பேற்றினோம். அதற்குப் பிறகு என் கணினியில் க்ராக் இல்லை.

மென்பொருள் தீர்ந்தது என்று வைத்தால், வாத்தியத்தை எங்கே எடுப்பது? பியானோவுக்கு சலமாண்டர் என்ற இலவச சாம்பிள் தொகுப்பு இருக்கிறது. சாம்பிள் என்பது உண்மை வாத்தியத்தின் சத்தத்தைப் பதிந்த துண்டு. ஒரு யமஹா சி5 கிராண்ட் பியானோவை மெல்ல அடிப்பதிலிருந்து பலமாக அடிப்பது வரை பதினாறு படியாகப் பதிந்தது. ஒரு ஜிபிக்கு மேல் போகும், ஆகவே இரவு டேட்டாவில் இறக்கப் போட்டுவிட்டுப் படுங்கள். இசைக்குழு ஒலிகளுக்கு ஸ்பிட்ஃபயரின் லாப்ஸ், பிபிசி சிம்பொனி ஓகஸ்ட்ராவின் டிஸ்கவர் பதிப்பு இரண்டும் சிறியவை, ரேமுக்கு இரக்கம் காட்டுபவை. எங்கள் வாத்தியங்கள் என்று தேடினால் சுவிற்சர்லாந்தின் சுவார் சிஸ்டம்ஸ் தபேலா, மிருதங்கம், வீணை எல்லாம் தருகிறது, காசுக்கு. இலவச கொன்டாக்ட் ப்ளேயரில் ஓடுகிற 'இந்தியா' தொகுப்பும் காசுக்குத்தான், நல்லது.

சுரம் அசைப்பதற்குக் கீபோட்டின் இடப்பக்கச் சக்கரம் உதவும். அது வழமையாக இரண்டு சுரத்தானம் மேலும் கீழும் போகும். கொஞ்சம் பழகினால் புல்லாங்குழலில் ஓரளவு கமகம் காட்டலாம். நாதஸ்வரத்தில் எனக்கு எப்போதும் சிரிப்புத்தான் வரும். அதைக் கணினியில் செய்ய நினைக்கிறவர் நாதஸ்வரக்காரர் ஒருவரைக் கூப்பிட்டு ஒரு மணித்தியாலம் பதிவது நல்லது. பன்னிரண்டு சம துண்டாக வெட்டிய சுரங்களே போதாது என்பவர்கள் சர்ஜ் எக்ஸ்டி என்ற இலவச சின்தசைசரில் தங்கள் சொந்தச் சுர அளவுகளை ஏற்றலாம். காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் பழந்தமிழ் யாழின் நரம்புகளுக்குக் கணக்குப் பார்த்து 1947இல் யாழ் நூலை வெளியிட்டார். அந்தக் கணக்குகளை இன்று ஒரு கோப்பாக எழுதிக் கீபோட்டில் வாசித்துப் பார்க்க யாராவது முயன்றால் நன்றாக இருக்கும் என்பது என் நெடுநாள் ஆசை. கல்லடியில் அவர் பெயரிலேயே அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது, பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

ஆனால் கூத்து மத்தளம்? நாங்கள் பார்த்த எந்தத் தொகுப்பிலும் அது இல்லை. மருமகன் முதலில் மிருதங்க சாம்பிளைப் போட்டான். கச்சேரி மாதிரிக் கேட்டதே தவிர, கூத்தாடுகிற வட்டக்களரி கண்ணுக்கு வரவில்லை. தபேலாவைப் போட்டான், இன்னும் மோசம். கடைசியில் நாங்களே செய்வது என்று முடிவு செய்தோம். கொக்கட்டிச்சோலைப் பக்கத்தில் தெரிந்த அண்ணாவியார், கூத்துப் பழக்குகிறவர், ஒருவர் இருக்கிறார். ஒரு காலையில் மைக்கோடு அவர் வீட்டுக்குப் போனோம். சாமியறைக்குப் பக்கத்து அறையில் நெல் மூட்டை அடுக்கியிருந்தது. அதைவிட நல்ல ஒலித்தடுப்பு கொழும்பு ஸ்டூடியோவிலும் கிடையாது. ஜன்னலில் பாய் தொங்கவிட்டோம். மத்தளத்தின் வலப்பக்கமான வலந்தலையில் ஒவ்வொரு அடியையும் தனித்தனியாக, மெல்லத்திலிருந்து பலம் வரை ஆறு தரம். இடந்தலையில் அப்படியே. ஒவ்வொரு அடிக்குப் பிறகும் நாதம் முழுக்க அடங்கும் வரை காத்திருக்க வேண்டும் என்றபோது அவருக்குப் பொறுமை போனது. "ஒரு அடிய அடிச்சுப்போட்டு பாத்துக்கொண்டிருக்கிறதுக்கு இது என்ன மீன் தூண்டிலா?" என்றார்.

ரீப்பரில் ரீசாம்ப்லொமேட்டிக் 5000 என்று ஒரு சாம்பிளர் கூடவே வருகிறது. பெயர்தான் நீளம், வேலை எளிது. ஒரு வேவ் கோப்பை அதில் இழுத்துப் போட்டு, கீபோட்டின் எந்தக் கட்டைக்கு, எந்த வேக எல்லைக்குள் அடித்தால் அது ஒலிக்க வேண்டும் என்று எண்ணைக் கொடுத்தால் சரி. மெல்ல அடித்தது 1 முதல் 40 வரை, நடுத்தரம் அதற்கு மேல், பலமானது கடைசியில் என்று பிரித்தோம். ஒரே அடிக்கு ஒரே சாம்பிளை வைத்தால் வேக நடையில் தையல் மெஷின் போலக் கேட்கும், ஆகவேதான் ஆறு தரம் அடிக்கச் சொன்னது. ஒரு முழு இரவு போனது. விடியும்போது மருமகன் இரண்டு சுட்டுவிரலால் கீபோட்டில் கூத்துத் தாளம் தட்டிக்கொண்டிருந்தான். கூத்தின் கைத்தாளமான சல்லரியை இப்படிச் செய்யவில்லை, அதை நேராகவே மைக்கில் பதிந்தோம். அந்த இரைச்சலைத் துண்டு துண்டாக வெட்டினால் உயிர் போய்விடும்.

எஃப்எல்லிலும் கேக்வோக்கிலும் சாம்பிளர் உண்டு, இந்த வேலையை அங்கேயும் செய்திருக்கலாம். ஆனால் முதல் நாள் கேட்ட கேள்விக்கு மருமகன் தானே பதில் சொன்னது அந்த விடியலில்தான். ரீப்பருக்கு 30 டொலர் என்னிடம் கடன் கேட்டான், மீதி அவனிடம் இருந்ததாம். எஃப்எல்லை அவன் கைவிடவும் இல்லை. கல்முனையில் கூட்டாளி ஒருவனின் ரப் பாட்டுக்கு இன்னும் அதில்தான் வேலை செய்கிறான், கூட்டாளியின் லைசன்சில், கூட்டாளியின் மெஷினில்.

சடங்குக்குப் பத்து நாள் இருக்கும்போது பாட்டு முடிந்தது. மத்தளப் பாட்டை அண்ணாவியாருக்குப் போட்டுக் காட்டினோம். ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, முழுப் பாட்டையும் கேட்டார்.

"மத்தளம் என்டதான் மனே," என்றார் கழற்றி வைத்துவிட்டு. "ஆனா அடிச்சது நான் இல்ல."

பிறகு அவர் எழும்பிப் போய் மத்தளத்தை எடுத்து வந்தார். மருமகன் தன் மத்தள ட்ராக்கை மியூட் செய்தான், கீழே புது ட்ராக் ஒன்றைத் திறந்து சிவப்புப் பொத்தானை அழுத்தினான். ஒரே தரத்தில் அடித்து முடித்தார்.